என் வழக்கு என்னுடையது: தேர்தல் ஆணையத்துக்கு ஒரு வேட்பாளரின் தங்கை எழுதும் திறந்த மடல்

மதிப்பிற்குரிய இந்தியத் தலைமைத் தேர்தல் ஆணையர் அவர்களுக்கும் தேர்தல் ஆணையர்கள் அவர்களுக்கும் வணக்கம்.

அரசுப் பள்ளியில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியையாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவள் நான். அந்த ஆண்டுகளில் வந்த மக்களவை, சட்டமன்றத் தேர்தல்கள் பெரும்பாலானவற்றில் உங்கள் பணியாளாக வாக்குச்சாவடிக்குள் உட்கார்ந்திருக்கிறேன். விரலில் மை வைத்திருக்கிறேன், கட்டுப்பாட்டுக் கருவியின் பொத்தானை அழுத்தியிருக்கிறேன், வாக்குப்பதிவு முடிந்தபின் இயந்திரங்களை எடுத்துச் செல்லும் வண்டிக்காக நள்ளிரவு வரை பள்ளித் திண்ணையில் காத்திருந்திருக்கிறேன். ஆகவே ஆணையத்தின் மீது குறை சொல்வதற்காக இதை நான் எழுதவில்லை. ஆணையத்தின் விதிகளில் ஓர் இடம் திறந்து கிடக்கிறது. அந்த வழியாகத்தான் 2021இல் என் வீட்டுக்குள் ஒரு தேர்தல் நுழைந்தது. பணியில் இருந்தவரை அரசு ஊழியர் நடத்தை விதிகள் என் வாயைக் கட்டியிருந்தன. இப்போது சொல்ல முடிகிறது.

2021 சட்டமன்றத் தேர்தலில் என் அண்ணன் நாங்கள் பிறந்த ஊர் அடங்கிய தொகுதியில் வேட்பாளராக நின்றார். அவர் எந்தக் கட்சி, அவரை எதிர்த்தவர்கள் எந்தக் கட்சி என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் இந்த மடலும் இன்னொரு துண்டறிக்கையாகிவிடும்.

நடந்தது புரிய வேண்டுமானால் எங்கள் வழக்கைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். எங்கள் அப்பா 1998இல் காலமானார். பூர்விகமாக மூன்று ஏக்கர் நஞ்சையும் ஓர் ஓட்டு வீடும் இருந்தன. எனக்கு 1987இல் திருமணமாயிற்று. தமிழ்நாட்டில் 1989இல் வந்த சட்டத் திருத்தம் பூர்விகச் சொத்தில் பெண்ணுக்கு ஆணுக்குச் சமமான உரிமையைத் தந்தது; ஆனால் அந்த ஆண்டு மார்ச் 25க்கு முன்பே மணமாகிப் போன பெண்களை விலக்கி வைத்தது. இரண்டு ஆண்டு இடைவெளியில் நான் வேலிக்கு வெளியே நின்றேன். 2005 செப்டம்பர் 9இல் நடைமுறைக்கு வந்த மத்தியத் திருத்தம் அந்த வேலியை எடுத்தது என்றாலும், அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருந்தால்தான் மகளுக்குப் பங்கு என்று 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பில் கூறியதால் வேலி மறுபடியும் வந்தது. 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்த நிபந்தனை தேவையில்லை என்று தீர்ப்பளித்தபோது, என் வயதுப் பெண்கள் பலர் முதன்முறையாக அண்ணன் தம்பிகளிடம் வாய்திறந்து கேட்டோம். நானும் கேட்டேன். “உன் கல்யாணத்துக்குச் செய்ததெல்லாம் கணக்கில் வராதா பாப்பா?” என்று அண்ணன் கேட்டார். விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடும்படி சொன்னார். நான் போடவில்லை. அந்த ஆண்டு டிசம்பரில் சார்பு நீதிமன்றத்தில் பாகப் பிரிவினை வழக்குத் தொடுத்தேன்.

அடுத்த மாதம் தைப்பொங்கல். வழக்கம்போலப் பொங்கலுக்கு முந்தைய நாள் அண்ணன் வீட்டிலிருந்து சீர் வந்தது. ஒரு கட்டுக் கரும்பு, மஞ்சள் கொத்து, வெண்கலப் பானை, எனக்கொரு சேலை, என் வீட்டுக்காரருக்கு வேட்டி. கொண்டுவந்து இறக்கியது அண்ணன் மகன்தான். “அத்தை, அப்பா கொடுத்துவிட்டு வரச் சொன்னார்” என்றான். நானும் ஒன்றும் கேட்காமல் வாங்கி வைத்தேன். வழக்கும் நடந்தது, சீரும் வந்தது. இது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு முரணாகத் தெரியலாம். எங்களுக்கு அப்படித் தெரியவில்லை. உரிமையை நீதிமன்றத்தில் கேட்பதும் உறவை வாசற்படியில் காப்பதும் ஒரே சமயத்தில் நடக்கக்கூடியவை என்று, யாரும் உட்கார்ந்து பேசாமலேயே, நாங்கள் இருவரும் ஏற்றுக்கொண்டிருந்தோம். பிற்பாடு போனது எது என்று தாங்கள் அறிய வேண்டும் என்பதற்காகவே இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன்.

மார்ச் கடைசி வாரத்தில் ஒரு மஞ்சள் துண்டறிக்கை தொகுதி முழுவதும் வந்தது. காலையில் பால் வாங்கப் போனவர்கள் கையிலும், பேருந்து இருக்கைகளிலும், ரேசன் கடைத் திண்ணையிலும் கிடந்தது. அதில் என் படம். என் மூத்த மகளின் காதுகுத்து விழாவில் எடுத்த படம் அது. தாய்மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்துக் காது குத்தி முடித்த பிறகு, அண்ணன் என் தோளில் கை வைத்தபடி நிற்க, குழந்தை அழுதுகொண்டிருக்க, எடுத்தது. உறவுக்காரர் யாருடைய முகநூலிலிருந்தோ எடுத்திருக்க வேண்டும். அண்ணனையும் குழந்தையையும் வெட்டி எறிந்துவிட்டு என்னை மட்டும் வைத்திருந்தார்கள். ஆனால் சரியாக வெட்டவில்லை. என் இடது தோளில் அண்ணனின் நான்கு விரல்கள் அப்படியே இருந்தன. அதற்குக் கீழே, “கூடப் பிறந்தவளுக்கே பங்கு தராதவர் தொகுதிக்கு என்ன தருவார்?” என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். என் வழக்காவணத்திலிருந்து இரண்டு வரிகளும், வழக்கு எண்ணும் இருந்தன. அச்சகத்தின் பெயர் எங்கும் இல்லை.

அதே வாரத்தில் ஓர் ஆட்டோ ஒலிபெருக்கியோடு தெருத்தெருவாகச் சுற்றியது. யாரோ ஒரு பெண்ணைப் பேசவைத்துப் பதிவு செய்திருந்தார்கள். “நான் வேட்பாளரின் தங்கை பேசுகிறேன்” என்று தொடங்கி, தழுதழுத்த குரலில், என் வாழ்நாளில் நான் சொல்லாத சொற்களை என் வாயில் வைத்துப் பேசியது அந்தக் குரல். மாலைக்குள் அது வாட்ஸ்அப் குழுக்களுக்குள் போய்விட்டது. என் பள்ளியின் பெற்றோர் குழு ஒன்றிலும் வந்தது. என்னிடம் எட்டாம் வகுப்புப் படித்த மாணவன் ஒருவன் அதை எனக்கே அனுப்பி, “டீச்சர், இது நீங்களா?” என்று கேட்டிருந்தான்.

அதற்குப் பிந்தைய மூன்று நாள்களில் மூன்று கதவுகளைத் தட்டினேன். தேர்தல் புகார்களைக் கவனிக்கும் ஓர் அலுவலகத்துக்குத் துண்டறிக்கையோடு போனேன். அங்கிருந்தவர் பண்பாகவே பேசினார். “வழக்கு இருப்பது உண்மைதானே அம்மா?” என்று கேட்டார். ஆமாம் என்றேன். “அதில் அச்சிட்டிருக்கும் வரிகள் உங்கள் மனுவில் உள்ளவைதானே?” அதற்கும் ஆமாம் என்றேன். “அப்படியென்றால் இதில் பொய் என்று எதைப் பதிவு செய்வது?” என்றார். ஒலிப்பதிவைச் சொன்னேன். பாதிக்கப்பட்டவர் வேட்பாளர்தான், அவருடைய முகவர் புகார் தரட்டும் என்று சொல்லி அனுப்பினார்.

இரண்டாவது கதவு என் அண்ணனுடையது. வீட்டு முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் கட்சிக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவர் செல்பேசியை ஒரு தாங்கியில் பொருத்தி ஆயத்தமாக வைத்திருந்தார். எங்களுக்குள் வழக்கு எதுவும் இல்லை, என் அண்ணன் எனக்கு எல்லாம் செய்தார், இது எதிரிகளின் சதி என்று நான் ஒரு நிமிடம் பேசினால் போதும் என்றார்கள். எழுதியே வைத்திருந்தார்கள். எண்பது வயதைத் தாண்டிய என் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, “அவன் ஜெயிச்சு வரட்டும்டி, கேஸை அப்புறம் பார்த்துக்கலாம்” என்று சொன்னார். வழக்கு இல்லை என்று பேசினால் அது பொய். மேலும் அந்தப் பேச்சையே நாளை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் நீதிமன்றத்தில் சான்றாகக் காட்டலாம். வழக்கு உண்மை என்று பேசினால் அண்ணனை வீழ்த்தியவள் நான். எதுவும் பேசாமல் இருந்தாலோ அந்த ஆட்டோவில் ஓடும் குரல் என்னுடையதே என்று ஊர் எடுத்துக்கொள்ளும். தலையாட்டி மறுத்துவிட்டு எழுந்தேன். அண்ணன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

மூன்றாவது, என் பள்ளித் தலைமையாசிரியரின் அறை. அரசு ஊழியர் தேர்தல் பரப்புரையில் ஈடுபட்டதாக என் மீது ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. நான் விளக்கம் எழுதித் தந்தேன். 2021 ஏப்ரல் 6 அன்று, அந்த விளக்கத்தின் முடிவு தெரியாத நிலையிலேயே, வேறொரு தொகுதியில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உங்கள் பணியைச் செய்தேன். அன்று காலை முகவர்களுக்கு முன்னால் மாதிரி வாக்குப்பதிவு நடத்தும்போது என் கை நடுங்கியதை நானே பார்த்தேன்.

ஆணையம் குடும்பங்களைப் பொருட்படுத்துவதில்லை என்று நான் சொல்லவில்லை. அதே தேர்தலில், அதே மார்ச் மாதக் கடைசியில், அப்போதைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி தம் தாயைக் குறித்த ஒரு பேச்சைச் சொல்லித் திருவொற்றியூர் பரப்புரையில் கண்கலங்கினார். அப்படிப் பேசிய ஆ. இராசா, தம் பேச்சு திரிக்கப்பட்டதாக விளக்கியபடியே மன்னிப்பும் கேட்டார். ஆயினும் ஆணையம் அவரைக் கண்டித்து, நட்சத்திரப் பேச்சாளர் பட்டியலிலிருந்து நீக்கி, 48 மணி நேரம் பரப்புரை செய்யத் தடை விதித்தது. 2024 மக்களவைத் தேர்தலில் மம்தா பானர்ஜியின் தந்தை யார் என்னும் தொனியில் பேசிய பாரதிய ஜனதா கட்சியின் திலீப் கோஷையும் ஆணையம் கண்டித்தது. 2025 செப்டம்பரில், பிரதமரின் மறைந்த தாயைச் செயற்கை நுண்ணறிவால் உருவாக்கிப் பேசவைத்த ஒரு காணொளியைப் பீகார் காங்கிரஸ் வெளியிட்டபோது, அதை நீக்கும்படி பாட்னா உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. மகனுக்குத் தாய் அறிவுரை சொல்வதாகத்தான் அது இருந்தது, அவமதிப்பு எதுவும் இல்லை என்பது அக்கட்சியின் விளக்கம். எந்தக் கொடி என்ற வேறுபாடு இதில் இல்லை என்பதைத் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள்.

ஆனால் இவை எல்லாவற்றிலும் காயம் பட்டவராகக் கருதப்பட்டவர் தலைவர்தான். தாய் அந்தத் தலைவருடைய மானத்தின் ஒரு பகுதி. அந்த அளவில்தான் அவர் கணக்கில் வந்தார். மாதிரி நடத்தை விதிகளை நான் தேர்தல் பயிற்சி வகுப்புகளில் பலமுறை கேட்டிருக்கிறேன். மற்றக் கட்சிகளின் தலைவர்கள், தொண்டர்கள் ஆகியோரின் பொதுப்பணியோடு தொடர்பில்லாத தனிவாழ்க்கையை விமர்சிக்கக் கூடாது என்று பொது நடத்தைப் பகுதியில் ஒரு விதி உண்டு. தலைவரும் தொண்டரும் அதில் இருக்கிறார்கள். கட்சி எதிலும் இல்லாமல், மேடை எதிலும் ஏறாமல், தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும் தங்கையோ மருமகளோ அதில் இல்லை. அதே பகுதியில் இன்னொரு விதியும் இருக்கிறது: ஒருவருடைய அரசியல் எவ்வளவு பிடிக்காவிட்டாலும் அவருடைய அமைதியான இல்வாழ்க்கைக்கான உரிமையை மதிக்க வேண்டும், அவர் வீட்டு முன் ஆர்ப்பாட்டமோ மறியலோ கூடாது என்கிறது அது. வீட்டு வாசலில் பத்துப் பேர் நின்று முழக்கமிடுவதைத் தடுக்கும் அந்த விதியை எழுதியவர்களுக்கு, அந்த வீட்டின் உள்ளறையையே ஒலிபெருக்கியில் ஏற்றித் தெருத்தெருவாகக் கொண்டுபோவது சம்மதமாக இருந்திருக்கும் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சட்டமும் என்னைத் தாண்டித்தான் போகிறது. 1951ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆம் பிரிவின் நான்காம் உட்பிரிவு, வேட்பாளரின் தனிப்பட்ட ஒழுக்கத்தைப் பற்றிப் பொய்யான தகவல் வெளியிடுவதை ஊழல் நடவடிக்கை என்கிறது. அப்போது இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 171ஜி பிரிவும், இப்போது பாரதிய நியாய சன்ஹிதாவின் 175ஆம் பிரிவும் அவ்வாறே பொய்யைத்தான் தண்டிக்கின்றன. தேர்தல் மனுவோ, முடிவு வெளியான 45 நாள்களுக்குள் உயர் நீதிமன்றத்தில் ஒரு வேட்பாளரோ அத்தொகுதியின் வாக்காளரோ தொடுக்க வேண்டியது. நான் வேட்பாளரும் அல்ல, மணமாகிப் போனவள் என்பதால் அத்தொகுதியின் வாக்காளரும் அல்ல. துண்டறிக்கையில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர் இருக்க வேண்டும் என்னும் 127அ பிரிவு ஒன்றுதான் என் கைக்கு எட்டியது. பெயரில்லாத தாளை யார் அச்சிட்டார்கள் என்று யாரும் தேடவில்லை. நம் தேர்தல் சட்டங்கள் “இது உண்மையா, பொய்யா” என்று மட்டும் கேட்கின்றன. “இது யாருடையது, யாரைக் கேட்டு எடுத்தாய்” என்று ஒரு முறையாவது கேட்க வேண்டும் என்பதுதான் என் வேண்டுகோளின் சாரம்.

குடும்பத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்கிறேனா? இல்லை. வேட்பாளர் தம் மனைவி அல்லது கணவர், சார்ந்திருக்கும் பிள்ளைகள் ஆகியோரின் சொத்துகளைப் படிவம் 26இல் அறிவிக்க வேண்டும் என்பது 2002, 2003 ஆண்டுகளில் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்புகளின் பயன். வாக்காளருக்கு அது தெரிந்தாக வேண்டும், நான் அதை முழுமனதோடு ஏற்கிறேன். மச்சானின் பெயரில் ஒப்பந்தம் எடுத்தால், மகனுக்குப் பதவி வாங்கித் தந்தால், மருமகனை அலுவலகத்தில் உட்கார வைத்து அதிகாரம் செய்தால், அதை ஊரறியச் சொல்வது எதிர்க்கட்சியின் கடமை. மேடையேறி வாக்குக் கேட்கும் உறவினர் அரசியலுக்குள் வந்துவிட்டவர். அவரை அரசியல்வாதியாகவே நடத்தலாம். என் அண்ணன் சட்டமன்றத்தில் பெண்களின் சொத்துரிமை பற்றி எப்படி வாக்களிப்பார் என்று எதிர்த்தரப்பு மேடையில் கேட்டிருந்தால் நான் கைதட்டியிருப்பேன். அவர்கள் அதைக் கேட்கவில்லை. பெண்களின் பங்கு பற்றி அவர்களுடைய துண்டறிக்கையில் ஒரு வாக்குறுதிகூட இல்லை. என் வழக்கு அவர்களுக்குக் கொள்கையாகத் தெரியவில்லை, கல்லாகத் தெரிந்தது.

உறவினரே விரும்பி முன்வந்து எதிர்த்துப் பேசினால் என்ன என்ற கேள்வியும் எழும். இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு நிகழ்வு எனக்கு அடிக்கடி நினைவுக்கு வரும். 2018இல் அரிசோனா மாநிலத்தின் நான்காவது தொகுதியில், ரிபப்ளிகன் கட்சியைச் சேர்ந்த நாடாளுமன்ற உறுப்பினர் பால் கோசாரை எதிர்த்து டேவிட் பிரில் என்ற ஜனநாயகக் கட்சிக்காரர் நின்றார். பிரிலின் விளம்பரங்களில் ஆறு பேர் வந்தார்கள். முதலில் பெயரையும் தொழிலையும் மட்டும் சொல்லிக்கொண்டு கோசாரைக் கடுமையாக விமர்சித்தார்கள். கடைசியில்தான் தெரிந்தது, அந்த ஆறு பேரும் அவருடைய கூடப்பிறந்தவர்கள். பத்துப் பிள்ளைகள் பிறந்த வீட்டில் கோசார் மூத்தவர். அதற்கு முந்தைய ஆண்டே, அமெரிக்கச் செல்வந்தர் ஜார்ஜ் சோரோஸ் மீது அண்ணன் சுமத்திய ஆதாரமற்ற குற்றச்சாட்டைக் கண்டித்து உடன்பிறந்தவர்கள் உள்ளூர்ச் செய்தித்தாளுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். குடும்பத்தைவிட அரசியல் கொள்கையைப் பெரிதாக நினைப்பவர்கள் இவர்கள் என்று கோசார் பதிலடி கொடுத்தார். அவர்களுடைய தாய் மூத்த மகன் பக்கமே நின்றார். வாக்காளர்கள் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் கோசாருக்கே வாக்களித்தார்கள்.

அந்த ஆறு பேரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர்கள் பேசியது பொதுவாழ்வைப் பற்றி. தங்கள் முகத்தோடு, தங்கள் பெயரோடு, தங்கள் குரலில் பேசினார்கள். பேசியதற்கான விலையையும் தாங்களே கொடுத்தார்கள். உடன்பிறந்தவர் என்பதற்காக ஒருவர் தம் மனசாட்சியை மூடிவைக்க வேண்டும் என்று சொல்ல எனக்கு உரிமை இல்லை. நீதிமன்றத்தில் அண்ணனுக்கு எதிரே நின்ற நான் அதைச் சொல்லவே முடியாது. ஆனால் அந்த விளம்பரம் ஏன் ஆறு உடன்பிறப்புகளைத் தேடியது என்பதையும் நினைத்துப் பார்க்கிறேன். அதே குறைகளை ஆறு அயலார் சொல்லியிருந்தால் யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். கூடப் பிறந்தவரே சொல்லிவிட்டார் என்றால் அதற்குமேல் விசாரணை வேண்டாம் என்று நினைக்கும் மனம் எல்லா ஊரிலும் இருக்கிறது. தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும் என்று நம்புகிற ஊரில், தசையே எதிர்த்து ஆடினால் அது எப்பேர்ப்பட்ட சாட்சியமாகிவிடும் என்பதை விளம்பரம் எழுதுபவர் நன்றாக அறிந்திருக்கிறார். அதனால்தான் அந்தச் சாட்சியத்தைச் சாட்சியின் ஒப்புதல் இல்லாமல் எடுப்பது இவ்வளவு பெரிய களவாகிறது.

நம் நாட்டிலும் அரசியல் ஒரு குடும்பத்தைப் பிளந்தபின் அதற்காக வருந்தியவர்கள் உண்டு. 2024இல் பாராமதி தொகுதியில் தம் சித்தப்பா மகள் சுப்ரியா சுலேயை எதிர்த்துத் தம் மனைவியை நிறுத்திய அஜித் பவார், சில மாதங்களிலேயே, அது தவறு, அரசியலை வீட்டுக்குள் விட்டிருக்கக் கூடாது என்று வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் அனைவரும் அரசியலில் ஊறியவர்கள். தேர்வு செய்ய அவர்களுக்கு வாய்ப்பு இருந்தது, வருந்துவதற்கும் ஒரு மேடை இருந்தது.

இனி நான் கேட்பவை. மாதிரி நடத்தை விதிகளில் தனிவாழ்க்கை பற்றிய அந்த வாசகத்தில், தலைவர்கள், தொண்டர்கள் என்பதோடு, பொதுப்பதவியோ கட்சிப் பொறுப்போ வகிக்காத குடும்பத்தினரையும் பெயர் சொல்லிச் சேர்க்க வேண்டும். உச்ச நீதிமன்றத்தின் 2004 ஏப்ரல் ஆணைக்குப் பிறகு தொலைக்காட்சி விளம்பரங்களுக்கும், 2013 முதல் சமூக ஊடக விளம்பரங்களுக்கும் ஊடகச் சான்றளிப்புக் குழுவின் முன்அனுமதி தேவைப்படுகிறது. அந்த விண்ணப்பத்தில் ஒரே ஒரு வரியைச் சேர்க்க வேண்டும்: எந்த வேட்பாளரின் உறவினருடைய படமோ, பெயரோ, குரலோ, குரலைப் போன்ற குரலோ இதில் இருக்கிறதா, இருந்தால் அவருடைய கையெழுத்திட்ட ஒப்புதல் எங்கே என்று. இது எதிர்த்தரப்புக்கு மட்டும் உரியதாக இருக்கக் கூடாது. என் அண்ணனின் முற்றத்தில் எழுதி வைத்திருந்த அந்த ஒரு நிமிடப் பேச்சுக்கும் இதே விதி பொருந்த வேண்டும். ஒப்புதல் வற்புறுத்தலால் வாங்கப்பட்டிருந்தால் அதைத் திரும்பப் பெறும் உரிமையும் உறவினருக்கு வேண்டும். ஒலிபெருக்கி வண்டியில் போடும் பதிவுக்கும் அச்சிட்ட துண்டறிக்கைக்கும் இது பொருந்தினால்தான் கிராமத்தில் இதற்குப் பொருள் இருக்கும், ஏனென்றால் எங்கள் பக்கம் அவதூறு இன்னும் ஆட்டோவில்தான் வருகிறது.

எல்லாவற்றையும்விட முதன்மையானது, புகார் தரும் உரிமை. படமும் குரலும் யாருடையவையோ அவரே நேரடியாகப் புகார் தர முடிய வேண்டும், அந்தப் புகார் வேட்பாளரின் முகவர் வழியாக வர வேண்டும் என்று எந்த அலுவலரும் சொல்லக் கூடாது. போலிக் காணொளிகளைத் தெரியவந்த மூன்று மணி நேரத்துக்குள் நீக்க வேண்டும் என்று 2024 மே மாதத்தில் கட்சிகளுக்கு அறிவுறுத்தினீர்கள். செயற்கை நுண்ணறிவால் உருவாக்கியவற்றில் தெளிவான அறிவிப்பு இருக்க வேண்டும் என்று 2025இல் பீகார் தேர்தலின்போது வரையறுத்தீர்கள். இவை நல்ல ஏற்பாடுகள். ஆனால் 2021இல் என்னைப் போலப் பேசவைக்க அவர்களுக்கு ஒரு பெண்ணின் தொண்டை தேவைப்பட்டது. இனி அதுவும் தேவையில்லை, என் பழைய வகுப்புப் பதிவு ஒன்று கிடைத்தாலே என் குரலிலேயே பேசவைத்துவிடலாம். “இது செயற்கையாக உருவாக்கப்பட்டது” என்று மூலையில் எழுதிவிடுவதால் என் குரலை எடுத்தவர் எனக்குப் பதில் சொன்னவராகிவிட மாட்டார்.

கட்சிகளின் பரப்புரைப் பொறுப்பாளர்களுக்கும், “வார் ரூம்” என்று நீங்கள் அழைக்கும் அறைகளில் உட்கார்ந்திருக்கும் இளைஞர்களுக்கும் இந்த மடலின் படியை அனுப்புகிறேன். உங்களில் சிலர் என் மாணவர்களாகவே இருக்கக்கூடும். வேட்பாளரைப் பற்றிக் கிடைக்கும் எல்லாவற்றையும் திரட்டும்போது, ஒரு குடும்ப வழக்கின் தாள்கள் உங்கள் கைக்கு வரும். அதை எழுதிய பெண் எத்தனை இரவு யோசித்து அந்த வரிகளில் கையெழுத்திட்டாள் என்று ஒரு கணம் நினைத்துப் பாருங்கள். நீதிபதி ஒருவர் படிப்பதற்காக எழுதிய வரிகள் அவை.

அண்ணன் அந்தத் தேர்தலில் தோற்றார். துண்டறிக்கையால்தான் தோற்றார் என்று நான் நம்பவில்லை. வாக்கு வித்தியாசம் அதைவிடப் பெரியது. ஆனால் அவர் நம்புகிறார். எங்கள் வழக்கு 2023இல் மக்கள் நீதிமன்றத்தில் சமரசமாக முடிந்தது. என் பங்கை நான் கேட்ட அளவிலேயே தர ஒப்புக்கொண்டு, எதிரே உட்கார்ந்து, ஒரு சொல்லும் பேசாமல் கையெழுத்திட்டுவிட்டுப் போனார். அந்த நிலம் இப்போது என் பெயரில் இருக்கிறது. 2021க்குப் பிறகு எந்தத் தையிலும் அண்ணன் வீட்டிலிருந்து சீர் வரவில்லை. அம்மாவைப் பார்க்க நான் போகும் நாள்களில் அவர் வயலுக்குப் போய்விடுகிறார்.

ஆணையத்துக்கு அனுப்பும் படியோடு மஞ்சள் துண்டறிக்கையின் நகலையும், தலைமையாசிரியருக்கு நான் எழுதித் தந்த விளக்கத்தின் நகலையும், அந்தக் காதுகுத்துப் படத்தையும் இணைத்திருக்கிறேன். படத்தை வெட்டாமல் முழுதாக வைத்திருக்கிறேன். என் இடப்பக்கம் நிற்பவர்தான் என் அண்ணன்.

தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர்